எழுதாத இடத்தைப் படிக்கும் டீகோடர்

பாதி இறங்கி நின்றுபோன வீடியோவைத் திறந்தால் படத்தின் ஒரு பகுதி அடர்பச்சையாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். கேபிள் சிக்னல் தடுமாறும்போதும், சேதமான மெமரி கார்டிலிருந்து மீட்ட கோப்பிலும் அதே பச்சைதான். அந்த நிறத்தை அங்கே யாரும் பூசவில்லை. பெரும்பாலும் அந்த இடத்தில் இருப்பவை வெறும் பூஜ்யங்கள்.

வீடியோ கோப்பு பெரும்பாலும் ஒரு பிக்சலைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து வைப்பதில்லை. வெளிச்சத்துக்கு ஓர் எண், நிறத்துக்கு இரண்டு எண்கள். எட்டு பிட் வீடியோவில் நிற எண்கள் இரண்டும் 128 ஆக இருந்தால் நிறமே இல்லை என்று பொருள். கறுப்பு வேண்டுமென்றால் வெளிச்சம் 16, நிறம் 128, 128. மூன்றுமே பூஜ்யமானால் என்ன ஆகும்? திரைக்கான கணக்கில் சிவப்பும் நீலமும் பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஆகவே பூஜ்யமாகவே வைக்கப்படும். பச்சை மட்டும், பழைய டிவி தரத்தின் சூத்திரப்படி 135 அளவுக்கும், எச்டி தரத்தின் சூத்திரப்படி 77 அளவுக்கும் எழும். நாம் பார்க்கும் பச்சை அதுதான்.

ஆக, பச்சைத் திட்டு என்பது, சுருக்கிய கோப்பை விரித்துப் படமாக்கும் டீகோடர் தொடாமல் விட்ட இடம். அங்கே பூஜ்யம் இருந்தது நம் நல்ல நேரம். அந்த மெமரியை முன்பு பயன்படுத்திய வேறொரு வேலையின் தரவு அங்கே மிச்சமிருந்தால், அது திரைக்கு வந்திருக்கும். இன்னொருவரின் புகைப்படத் துண்டாக இருக்கலாம், பாஸ்வேர்டாகவும் இருக்கலாம். எழுதுவதற்கு முன்பே மெமரியைப் படித்துவிடும் இந்தப் பிழை, வீடியோவைச் சுருக்கி விரிக்கும் கோடெக் மென்பொருளில் மறுபடி மறுபடி தலைகாட்டுகிறது. பூஜ்யத்தை நிரப்பிவிட்டால் பிழை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது பாதி வேலைதான் என்பது என் உறுதியான கருத்து. அந்த இடத்தில் என்ன இருந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் திருத்தம் முழுமையாகிறது.

சி மொழியில் எழுதிய நிரல் தனக்கு இடம் வேண்டுமென்றால் மாலாக் என்ற ஃபங்ஷனைக் கேட்கும். மாலாக் இடத்தைக் கொடுக்கும், துடைத்துக் கொடுக்காது. பழைய கேசட்டின் மேல் கல்யாண வீடியோவைப் பதிந்த வீடுகளில், பந்தி முடிந்ததும் திடீரென்று முன்பு பதிந்திருந்த சினிமா ஓடத் தொடங்குமே, அதே கதைதான். புதிதாக எழுதிய நீளத்தைத் தாண்டினால் பழையது வரும். ஃபங்ஷனுக்குள் அறிவிக்கும் சாதாரண வேரியபிள்களும் அரேக்களும் இப்படித்தான், முன்னால் அந்த இடத்தில் இருந்ததைச் சுமந்துகொண்டே பிறக்கின்றன. துடைத்துத் தருவதற்குக் காலாக் என்று வேறொரு ஃபங்ஷன் உண்டு. பிறகு ஏன் எல்லோரும் அதையே அழைப்பதில்லை?

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். 1920-க்கு 1080 அளவுள்ள ஒரு பிரேம், வழக்கமான எட்டு பிட் வடிவில், 31,10,400 பைட். 4கே பிரேம் அதைப்போல நான்கு மடங்கு, அதாவது ஒரு கோடியே 24 லட்சம் பைட்டுக்கு மேல். நொடிக்கு 60 பிரேம் ஓடும் 4கே வீடியோவில் ஒவ்வொரு பிரேமையும் முதலில் பூஜ்யத்தால் நிரப்பினால், நொடிக்கு ஏறக்குறைய 75 கோடி பைட் எழுத வேண்டும். எழுதிய மறுகணமே அதன் மேல் உண்மையான படம் எழுதப்பட்டுவிடும். கையடக்க போனில் பேட்டரியையும் சூட்டையும் பார்த்துப் பார்த்துக் கோடெக் எழுதுபவர்கள் இந்த வேலையைத் தவிர்ப்பதில் நியாயம் இருக்கிறது.

அந்தச் சிக்கனம் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: பிரேமின் ஒவ்வொரு பிக்சலும் எப்படியும் எழுதப்பட்டுவிடும். ஒழுங்கான கோப்பில் அது உண்மை. பாதியில் அறுந்த கோப்பிலும், வேண்டுமென்றே கோணலாகச் செய்த கோப்பிலும் அது பொய்.

அப்படி ஒரு கோப்பால் என்ன ஆகும் என்பதற்கு ஜிஸ்ட்ரீமர் என்ற லினக்ஸ் மல்டிமீடியா தொகுப்பில் 2016-ல் வெளிவந்த பிழை தெளிவான சாட்சி. விஎம்வேர் நிறுவனத்தின் திரைப்பதிவு வடிவத்துக்கு அதில் ஒரு டீகோடர் இருந்தது. கணினித் திரையில் பெரும்பகுதி நொடிக்கு நொடி மாறுவதில்லை. அதனால் அந்த வடிவம் முழுப் படத்தையும் ஒவ்வொரு முறையும் அனுப்பாது; மாறிய செவ்வகங்களை மட்டும் அனுப்பும். டீகோடர் ஒரு கேன்வாஸை மெமரியில் வைத்துக்கொண்டு, வரும் செவ்வகங்களை அதன் மேல் ஒட்டிக்கொண்டே போகும். பாதுகாப்பு ஆய்வாளர் கிறிஸ் எவன்ஸ் செய்துகாட்டிய கோப்பில் ஒரே ஒரு பிரேம் இருந்தது. அந்தப் பிரேம் கேன்வாஸில் எதையும் வரையவில்லை. டீகோடரைப் பொறுத்தவரை எல்லாம் முறைப்படி நடந்து முடிந்தது. கேன்வாஸைத் திரைக்கு அனுப்பியது. அதில் இருந்ததோ மெமரியில் முன்பே கிடந்த தரவு.

இதற்குக் கோப்பை ஒருவர் திறந்து பார்க்கவே தேவையில்லை என்பதுதான் கவலைக்குரியது. ஃபோல்டரைத் திறந்தாலே உள்ளிருக்கும் வீடியோக்களுக்குச் சிறு முன்னோட்டப் படம் தயாராகும் டெஸ்க்டாப்புகளில், அந்த முன்னோட்டத்திலேயே மெமரியின் மிச்சம் பதிந்துவிடும். பாதுகாப்புப் பிழைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2016-9446 என்ற எண்ணில் இது பதிவானது. இங்கே சரியான திருத்தம் கேன்வாஸைத் தொடக்கத்திலேயே பூஜ்யத்தால் நிரப்பி வாங்குவதுதான். இந்த வடிவத்தில் ஒவ்வொரு பிரேமும் முந்தைய நிலையின் மேல் வரையப்படுகிறது. முதல் பிரேமுக்கு முந்தைய நிலை என்ன என்பதை யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும்; அதை மாலாக்கிடம் விட முடியாது. செலவும் அற்பம். கேன்வாஸ் ஒருமுறைதான் உருவாகிறது, பிரேமுக்குப் பிரேம் அல்ல.

அதே ஆய்வாளர் அடுத்த ஆண்டு இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருளில் இதே குடும்பத்துப் பிழை ஒன்றைக் காட்டினார். 18 பைட் நீளமுள்ள ஒரு படக் கோப்பு போதுமாக இருந்தது. அதைத் தனக்குத்தானே யாஹூ மெயிலில் அனுப்பி முன்னோட்டத்தைப் பார்த்தால், யாஹூ சர்வரின் மெமரித் துண்டுகள் அதில் படமாக வந்தன. அவற்றில் மற்றவர்களின் மெயிலில் இருந்த படங்களின் மிச்சமும் இருந்தது. யாஹூ அவருக்கு 14,000 டாலர் சன்மானம் கொடுத்தது. அந்த மென்பொருளையே அந்தச் சேவையிலிருந்து எடுத்துவிட்டது.

இத்தகைய பிழைகள் ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்கு ஆப்பரேட்டிங் சிஸ்டமும் ஒரு காரணம். ஒரு நிரலின் தரவு இன்னொரு நிரலுக்குப் போய்விடக் கூடாது என்பதால், லினக்ஸ் போன்றவை புதிதாக ஒதுக்கும் மெமரிப் பக்கங்களைப் பூஜ்யமாக்கித்தான் கொடுக்கின்றன. டெவலப்பர் தன் கணினியில் ஒரு சிறு கோப்பைச் சோதிக்கிறார். நிரல் அப்போதுதான் தொடங்கியது, மெமரியெல்லாம் புதுசு, எல்லாம் பூஜ்யம். சோதனை தேறிவிடும். அதே நிரல் ஒரு சர்வரில் நாள்கணக்கில் ஓடி, விடுவித்த மெமரியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தும்போதுதான் உள்ளே குப்பை சேர்கிறது. ஒரு கணினியில் வரும் பிழை இன்னொன்றில் வராது. காலையில் வந்தது மாலையில் வராது.

கம்பைலரும் சேர்ந்துகொள்ளும். எழுதாத வேரியபிளைப் படிப்பது பெரும்பாலும் சி மொழி வரையறுக்காத நடத்தை என்பதால், கம்பைலர் அந்த வேரியபிளுக்குத் தனக்கு வசதியான எந்த மதிப்பும் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே வேரியபிள் அடுத்தடுத்த இரண்டு வரிகளில் இரண்டு மதிப்புகளோடு நடந்துகொள்வதும் உண்டு.

வீடியோவைச் சுருக்கும் என்கோடரில் இந்தப் பிழையின் முகம் வேறு. எச்.264 வீடியோ தரம் படத்தை 16-க்கு 16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து வேலை செய்கிறது. 1080 வரிகளை 16 ஆல் வகுத்தால் அறுபத்தேழரை. அரைக் கட்டம் வைக்க முடியாது. எனவே உள்ளே 1088 வரிகள் கொண்ட படமாக என்கோட் செய்து, கடைசி 8 வரிகளை வெட்டிவிடும்படி கோப்பில் ஒரு குறிப்பும் சேர்க்கிறார்கள். அந்த 8 வரிகளில் என்ன இருக்க வேண்டும்? பார்ப்பவருக்குத் தெரியாது என்பதற்காக அப்படியே விட்டுவிட்டால், ஒரு கட்டத்தை எப்படிச் சுருக்குவது என்று என்கோடர் முடிவு செய்யும்போது அந்தக் குப்பையும் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரே வீடியோவை ஒரே அமைப்பில் இரண்டு முறை என்கோட் செய்தால் இரண்டு கோப்புகளின் அளவு வேறுபடக்கூடும். இரண்டுமே நன்றாக ஓடும். கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. கோப்பின் செக்சத்தை, அதாவது அதன் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணை, ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு மட்டுமே ஏதோ சரியில்லை என்று புரியும். படத்தின் கடைசி வரியையே கீழே இறக்கி அந்த 8 வரிகளையும் நிரப்புவது இங்கே நல்ல திருத்தம். பூஜ்யம் போட்டால் கோப்பு அளவு நிலையாகிவிடும், ஆனால் படத்தின் விளிம்பில் திடீரென்று ஒரு பச்சைச் சுவர் எழும்பி, அதைச் சுருக்கவே பிட்கள் வீணாகும்.

இனி கருவிகள். ஜூலியன் சீவர்ட் உருவாக்கிய வால்கிரைண்ட் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தகைய பிழைகளைப் பிடிக்கப் பயன்படுகிறது. நிரலின் மெமரியில் உள்ள ஒவ்வொரு பிட்டுக்கும் இணையாக இன்னொரு பிட்டை அது வைத்துக்கொள்கிறது. அந்த இணை பிட், இது எழுதப்பட்டதா இல்லையா என்பதைச் சொல்லும். எழுதாத மதிப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுத்தால் வால்கிரைண்ட் வாய் திறக்காது. இணை பிட்டையும் சேர்த்து நகலெடுக்கும். இரண்டு எண்களைக் கூட்டினால் விடையின் எந்தெந்த பிட் நம்பத்தகாதது என்பதையும் கணக்கிட்டு வைக்கும். அந்த மதிப்பை வைத்து நிரல் ஒரு கிளையில் திரும்பும்போதோ, அதை முகவரியாகப் பயன்படுத்தும்போதோ, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கர்னலிடம் கொடுக்கும்போதோதான் எச்சரிக்கும். நகலெடுப்பதற்கெல்லாம் கத்தினால், நல்ல நிரல்களிலும் ஆயிரக்கணக்கான எச்சரிக்கைகள் வந்து குவியும்.

கோடெக்கில் இதனால் ஒரு சிரமம் உண்டு. எச்சரிக்கை வரும் இடமும் பிழை இருக்கும் இடமும் வெகுதூரம் தள்ளியிருக்கும். ஒரு கட்டத்தில் எழுதாமல் விட்ட பிக்சலைப் பார்த்துப் பக்கத்துக் கட்டம் கணிக்கப்படும். அந்தப் பிரேமைப் பார்த்து அடுத்த பிரேம் கணிக்கப்படும். இவ்வளவும் கூட்டலும் நகலும்தான், ஆகவே சத்தமே வராது. கட்டங்களின் விளிம்பை மிருதுவாக்கும் ஃபில்டர், பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் வித்தியாசம் ஒரு எல்லைக்குள் இருக்கிறதா என்று கேட்கும்போதுதான் முதல் எச்சரிக்கை எழும். புதிதாக வருபவர்கள் அந்த ஃபில்டரின் வரிகளையே நாள் முழுக்க உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே எதுவும் கிடைக்காது. எழுதாத மதிப்பு எந்த மாலாக்கில் பிறந்தது என்று காட்டும் வசதி வால்கிரைண்டிலேயே இருக்கிறது. வேகம் இன்னும் குறையும், ஆனாலும் அதைப் போட்டு ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம். பிறந்த இடம் தெரிந்தபின், அந்த மெமரி இடத்தை (பஃபரை) நிரப்ப வேண்டிய ஃபங்ஷன் எது, அது எந்தப் பாதையில் பாதியில் திரும்பியது என்று தேட வேண்டும்.

கூகுளில் உருவாகிக் கிளாங் கம்பைலரோடு வரும் மெமரி சானிடைசர் இதே இணை பிட் வேலையைக் கம்பைல் செய்யும்போதே நிரலுக்குள் பதித்துவிடுகிறது. வால்கிரைண்ட் நிரலைப் பத்து முதல் முப்பது மடங்கு மெதுவாக்கும். இது சுமார் மூன்று மடங்கு. ஆனால் நிரலின் ஒவ்வொரு பகுதியும் அதே முறையில் கம்பைல் ஆகியிருக்க வேண்டும். கோடெக்குகளிலோ வேகத்துக்காகக் கையால் எழுதிய அசெம்பிளி ஏராளம். வீடியோலேன் அமைப்பின் டேவிட் என்ற ஏவி1 டீகோடரில் சி வரிகளைவிட அசெம்பிளி வரிகள்தான் அதிகம். அசெம்பிளி எழுதியதைச் சானிடைசரால் பார்க்க முடியாது. அது நிரப்பிய பிரேம் முழுவதையும் எழுதாத மெமரி என்று தவறாகச் சொல்லும். ஆகவே சானிடைசரை ஓட்டும்போது அசெம்பிளியை நிறுத்திவிட்டுச் சி வடிவத்தை மட்டும் சோதிக்கிறார்கள். மெஷின் கோடையே பார்க்கும் வால்கிரைண்டை வைத்து அசெம்பிளியோடும் ஒருமுறை ஓட்டுகிறார்கள். ஒன்று இருந்தால் மற்றொன்று தேவையில்லை என்று சொல்ல முடியாது.

சோதிப்பதற்கான கோணல் கோப்புகளை மனிதர்கள் உட்கார்ந்து செய்வதில்லை. நல்ல கோப்பில் பைட்டுகளை மாற்றி மாற்றி டீகோடருக்கு ஊட்டும் ஃபஸ்ஸர்கள் அதைச் செய்கின்றன. கூகுளின் இரு ஆய்வாளர்கள் இப்படி எஃப்எஃப்எம்பெக் என்ற திறமூல வீடியோ தொகுப்பைச் சோதித்ததன் பலனாக அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் நடந்ததாக 2014 ஜனவரியில் அறிவித்தார்கள். 2016 முதல் ஓஎஸ்எஸ்-ஃபஸ் என்ற கூகுள் சேவை திறமூலத் திட்டங்களை இடைவிடாமல் சோதிக்கிறது.

பிழை கிடைத்தாயிற்று, இனி திருத்த வேண்டும். எளிய உதாரணம் ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்போம். பழைய விளையாட்டு வீடியோ வடிவங்களில் ஒரு பிக்சல் என்பது ஒரு பைட். அந்த பைட் நிறப்பட்டியலில் எத்தனையாவது நிறம் என்பதைச் சொல்லும். டீகோடர் 256 இடங்கள் கொண்ட பட்டியலை ஃபங்ஷனுக்குள் அறிவிக்கிறது. கோப்பின் தலைப்பகுதி, 16 நிறங்கள்தான் உண்டு என்கிறது. டீகோடர் 16 நிறங்களைப் படித்து முதல் 16 இடங்களில் எழுதுகிறது. பிறகு பிக்சல்கள் வருகின்றன. ஒரு பிக்சலின் மதிப்பு 200. பட்டியலில் 200-ஆவது இடம் இருக்கிறது, அரேயின் எல்லையைத் தாண்டவில்லை, நிரல் விழவில்லை. ஆனால் அந்த இடத்தில் யாரும் எதையும் எழுதவில்லை. ஃபங்ஷன்கள் மாறி மாறிப் பயன்படுத்தும் ஸ்டாக் என்ற மெமரியில் முன்பு ஓடிய ஃபங்ஷன் விட்டுப்போன நான்கு பைட் ஒரு நிறமாகத் திரைக்கு வருகிறது.

இதை மூன்று விதமாகத் திருத்தலாம். பட்டியல் முழுவதையும் தொடக்கத்தில் ஒரு நிலையான நிறத்தால் நிரப்பலாம். பிக்சல் மதிப்பு 16 அல்லது அதற்கு மேல் என்றால் பிரேமையே நிராகரிக்கலாம். மூன்றாவது வழி அந்த வடிவத்தின் விதியைப் படித்தால்தான் தெரியவரும்: சில வடிவங்களில் ஒரு பிரேம் 16 நிறங்களை மட்டும் மாற்றிவிட்டு, மீதி 240 நிறங்களை முந்தைய பிரேமிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அப்படியென்றால் பட்டியலை ஃபங்ஷனுக்குள் வைத்ததே தவறு. டீகோடரின் நிரந்தர நிலையில் அது இருக்க வேண்டும். இந்த மூன்றாவது நிலைமையில் போய் பூஜ்யம் நிரப்பினால் வால்கிரைண்ட் அமைதியாகிவிடும், தரவுக் கசிவும் நின்றுவிடும், ஆனால் ஒழுங்கான கோப்புகள் தவறான நிறத்தில் ஓடும். முன்பு சில நேரம் மட்டும் தெரிந்த பிழை இப்போது எப்போதும் தெரியும். எச்சரிக்க எந்தக் கருவியும் இருக்காது.

விதிப்படி மீதி நிறங்கள் செல்லாதவை என்றால், முதல் இரண்டு வழிகளில் எது? ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு ஒப்பீடு வைத்தால் பிரேமின் அத்தனை பிக்சலுக்கும் செலவு. பட்டியலை நிரப்புவது பிரேமுக்கு 1,024 பைட் எழுதும் வேலை, கணக்கில் கொள்ள வேண்டியதே இல்லை. சேதமான கோப்பையும் முடிந்தவரை காட்ட வேண்டும் என்பது பிளேயரின் நோக்கமாக இருந்தால், நான் நிரப்பும் வழியைத்தான் தேர்வேன். நிறமாகக் கறுப்பை வைப்பேன்.

தரவு பாதியில் தீர்ந்துபோகும் பாதைகளுக்கும் இதே கேள்விதான். தலைப்பகுதியிலிருந்து ஓர் எண்ணைப் படிக்கும் ஃபங்ஷன் தோற்றுப்போகிறது, திருப்பி அனுப்பிய பிழைக் குறியை அழைத்தவர் பார்க்கவில்லை, நிரப்பப்படாத வேரியபிளோடு வேலை தொடர்கிறது. இங்கே வேரியபிளுக்குப் பூஜ்யம் போடுவது சரியல்ல. பிழைக் குறியைப் பார்த்து அங்கேயே திரும்ப வேண்டும். பூஜ்யம் என்பது அந்தத் தலைப்பகுதியில் செல்லுபடியாகும் ஒரு மதிப்பாக இருந்துவிட்டால், கோப்பில் இல்லாத ஒன்றை இருந்ததாக நாமே எழுதிவிடுகிறோம்.

பார்க்க வேண்டிய முந்தைய பிரேமே வந்துசேராதபோது என்ன செய்வது? டிவி சானலை நடுவில் திருப்பினால் இது அன்றாடம் நடப்பது. எச்இவிசி வீடியோ தரம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது: கிடைக்காத பிரேமுக்குப் பதிலாக, எல்லா எண்களும் நடு மதிப்பில், எட்டு பிட் என்றால் 128-ல், உள்ள ஒரு பிரேமை உருவாக்கிக்கொள்ள வேண்டும். நடுவிலிருந்து திறந்த எச்இவிசி வீடியோ முதல் சில கணங்கள் சாம்பல் நிறத்தில் தொடங்கி மெல்ல உருப்பெறுவதற்கு இதுவே காரணம். அந்தச் சாம்பல், தெரிந்தே எடுத்த முடிவு. அதன் மேல் கணிக்கப்படும் அசைவுகள் கண்ணை அதிகம் உறுத்துவதில்லை.

எஃப்எஃப்எம்பெக்கைத் தங்கள் நிரலில் இணைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டீகோடருக்குக் கொடுக்கும் தரவின் முடிவில் கூடுதலாக 64 பைட் இடம் விட்டு, அதைப் பூஜ்யத்தால் நிரப்பித் தர வேண்டும் என்பது அதன் விதி. பிட்களைப் படிக்கும் பகுதி வேகத்துக்காக ஒரே நேரத்தில் 32 அல்லது 64 பிட் எடுக்கும். தரவின் கடைசியில் அது எல்லையைக் கொஞ்சம் தாண்டிப் படித்துவிடும். அந்தக் கூடுதல் இடத்தின் முதல் 23 பிட் பூஜ்யமாக இல்லாவிட்டால் சேதமான எம்பெக் தரவு டீகோடரை இன்னும் தள்ளி இழுத்துக்கொண்டு போய் நிரலையே வீழ்த்தலாம் என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இங்கே பூஜ்யம் என்பது வெறும் நிரப்பல் அல்ல. தரவு முடிந்தது என்று டீகோடருக்குச் சொல்லும் அடையாளம்.

எச்சரிக்கையை மட்டும் அடக்கினால் எவ்வளவு கேடு வரும் என்பதற்குக் கோடெக் உலகுக்கு வெளியே ஒரு நிகழ்ச்சி உண்டு. 2006-ல் டெபியன் லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தைப் பராமரித்தவர், வால்கிரைண்ட் குறை சொன்ன இரண்டு வரிகளை நீக்கினார். அவற்றில் ஒரு வரிதான், ரகசியச் சாவி உருவாக்கத் தேவையான தற்செயல் தரவு முழுவதையும் உள்ளே சேர்த்துக்கொண்டிருந்தது. வரி போனதும், மிஞ்சியது ஓடும் நிரலுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் கொடுக்கும் அடையாள எண் மட்டும். ஒரு வகைச் சாவிக்கு 32,768 வாய்ப்புகளே இருந்தன. 2008 மே மாதம் கண்டுபிடிக்கும்வரை, அந்தக் கணினிகளில் பிறந்த சாவிகளை யார் வேண்டுமானாலும் ஊகிக்கக்கூடிய நிலை. கருவி ஒரு வரியைக் காட்டுகிறது என்றால், அந்த வரி எதற்காக இருக்கிறது என்று தெரிந்த பிறகே அதைத் தொட வேண்டும்.

கருவிகள் எதுவும் சொல்லாத ஒரு வகையும் இருக்கிறது. எனக்கு இதுதான் மிகவும் கவலை தருவது. ஒவ்வொரு பிரேமுக்கும் புதிதாக மெமரி கேட்டால் செலவு அதிகம் என்பதால் டீகோடர்கள் ஒரு பூல் வைத்திருக்கின்றன. காட்டி முடித்த பிரேமின் பஃபர் பூலுக்குத் திரும்பி, அடுத்த பிரேமுக்குப் போகும். எஃப்எஃப்எம்பெக் பூலில் புதிதாகச் சேரும் பஃபரைச் சாதாரணமாகப் பூஜ்யமாக்கியே தருகிறது. இரண்டாம் சுற்றிலிருந்து அதில் இருப்பது பழைய படம். வால்கிரைண்டுக்கும் சானிடைசருக்கும் அது எழுதப்பட்ட மெமரிதான், ஆகவே அவை குறை சொல்வதில்லை. ஒரு டீகோடர் பாதிப் பிரேமை எழுதாமல் விட்டால் மறுபாதியில் பழைய காட்சி ஆவி போல நிற்கும். ஒரே நிரல் பலருடைய வீடியோக்களையும் மாற்றும் சர்வரில் பூலைப் பகிர்ந்துகொண்டால், ஒருவருடைய காட்சி இன்னொருவர் படத்தில் வரவும் கூடும்.

இதற்கு எஃப்எஃப்எம்பெக்கில் மெமரியை நஞ்சூட்டும் ஒரு கம்பைல் வசதி இருக்கிறது. ஒதுக்கும் இடத்தையெல்லாம் 42 என்ற மதிப்பால் நிரப்பி, பூஜ்யத்தின் பின்னால் ஒளிந்திருக்கும் பிழைகளை வெளியே இழுக்கும். பூலுக்குத் திரும்பும் பஃபரை மறுபடியும் எழுதாத மெமரியாகக் குறிக்கும்படி வால்கிரைண்டுக்கும் சானிடைசருக்கும் நிரலிலிருந்தே சொல்லவும் முடியும். பூல் எழுதும் எவரும் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடலாம். இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. ஒரே கோப்பை, மெமரியை வெவ்வேறு மதிப்பால் நிரப்பி, இரண்டு முறை டீகோட் செய்து பிரேம்களின் செக்சத்தை ஒப்பிடுங்கள். மாறினால், எழுதாத இடம் ஒன்று படத்துக்குள் வந்திருக்கிறது. பாதுகாப்பு ஆய்வாளர் மிகால் ஸலெவ்ஸ்கி பிரவுசர்களின் படப் பிழைகளைத் தேடியதும் இதே எண்ணத்தில்தான். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டச் சொல்லி, பிக்சல்கள் மாறுகின்றனவா என்று பார்த்தார்.

மொழியையே மாற்றினால் தீராதா என்று கேட்கலாம். ரஸ்ட் மொழியில் எழுதாத வேரியபிளைப் படிக்கக் கம்பைலரே விடாது. டேவிட் டீகோடரை ரஸ்டுக்கு மாற்றிய ராவிட் திட்டம் சி வடிவத்தைவிடச் சற்றே மெதுவாக ஓடியதால், அதைச் சமமாக்குபவர்களுக்கு 2025-ல் 20,000 டாலர் பரிசு அறிவித்தார்கள். அந்த முயற்சிகளின்போது ஒரு நிரலாளர், ஆர்ம் சிப்புகளில் அடிக்கடி ஓடும் ஒரு பாதையில் தற்காலிக பஃபர் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்தால் நிரப்பப்படுவதைக் கண்டார். அதைத் தவிர்த்ததும் ஓடும் நேரம் 1.6 விழுக்காடு குறைந்தது. பாதுகாப்புக்கு விலை உண்டு, ஆனால் அது அவ்வளவுதான் என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. சி நிரல்களிலும் ஸ்டாக் வேரியபிள்களைத் தானாகவே நிரப்பும் வசதி கிளாங்கிலும், 12-ஆம் பதிப்பு முதல் ஜிசிசியிலும் இருக்கிறது. மக்களுக்குப் போகும் பதிப்பில் அதைப் போடுவது நல்லது. சோதனைப் பதிப்பில் போடக் கூடாது. எல்லாம் நிரப்பப்பட்டுவிட்டால் சானிடைசருக்குப் பிடிக்க எதுவும் மிஞ்சாது.

திருத்தத்தை அனுப்பும்போது, எந்த இடம், எந்தப் பாதையில் எழுதப்படாமல் போனது, இந்த மதிப்பை ஏன் தேர்ந்தீர்கள் என்ற மூன்றையும் பேட்சின் குறிப்பில் எழுதிவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து வேகத்துக்காக அந்த வரியை நீக்க வருபவர் முதலில் படிப்பது அதைத்தான். பிழையைக் காட்டிய சிறு கோப்பையும் சோதனைத் தொகுப்பில் சேர்க்க வேண்டும், கூடவே எதிர்பார்க்கும் பிரேம் செக்சமும் இருக்க வேண்டும். கோப்பை நிராகரிப்பதே சரியென்று முடிவு செய்திருந்தால், அந்தச் சோதனை எதிர்பார்க்கும் விடை ஒரு பிழைக் குறியும், வெளியே வராத பிரேமும்தான்.